கேள்வி–பதில்: போதை ஊசியும் எச்.ஐ.வி.யும்

(கேட்டவர்களின் பெயரை வெளியிடவில்லை. ஊர் மட்டும் தருகிறோம்.)

என் மகனுக்கு 22 வயது. வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போடுகிறான் என்று இப்போதுதான் தெரிந்தது. "ஆளுக்கு ஒரு ஊசிதாம்மா, பயப்படாதே" என்கிறான். நம்பலாமா?
— ஒரு தாய், குழித்துறை

அவன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம் அம்மா. ஆனால் ஊசி தனி என்பது மட்டும் போதாது. கரைக்கிற மூடி, தண்ணீர், வடிகட்டுகிற பஞ்சு இவை யாருடையவை என்று கேளுங்கள். நரம்பில் ஏறியதா என்று பார்க்கச் சிரிஞ்சின் தண்டைப் பின்னுக்கு இழுக்கும்போது ரத்தம் உள்ளே வரும். போட்டு முடித்து அதே ஊசியைப் பொதுத் தண்ணீரில் கழுவினால் ரத்தம் தண்ணீருக்குப் போகும், அங்கிருந்து அடுத்தவர் சிரிஞ்சுக்குப் போகும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. எச்.ஐ.வி.யைவிட, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் இந்த வழியில் எளிதாகப் பரவும். ஆய்வகத்தில் சிரிஞ்சுக்குள் 63 நாள் வரை அது உயிரோடு இருந்திருக்கிறது.

தொற்றுள்ளவரின் ஊசியை ஒருமுறை பகிர்ந்தால் எச்.ஐ.வி. வரும் வாய்ப்பு 10,000க்கு சுமார் 63. குறைவாகத் தோன்றும். நாளுக்கு இரண்டு மூன்று முறை, அதே நண்பர்களோடு, மாதக்கணக்கில் என்று பெருக்கிப் பாருங்கள். கூட்டத்தில் ஒருவருக்குப் புதிதாகத் தொற்றியிருந்தால் அவர் ரத்தத்தில் வைரஸ் மிக அதிகமாக இருக்கும். அந்த வாரங்களில் ஆபத்தும் பல மடங்கு.

மகனை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம். அவன் சம்மதம் இல்லாமல் செய்ய 2017ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது, முடிவை வெளியே சொல்லவும் கூடாது. தொற்று இல்லை என்று வந்தால் கடைசியாகப் பகிர்ந்த நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஹெபடைட்டிஸ் பி, சி சோதனைகளையும் கேட்டு வாங்குங்கள். சி இருந்தால் பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையில் குணமாகும். தேசியத் திட்டத்தில் அதுவும் இலவசம்.

போதைக்குப் பதிலாக நாக்கின் அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை உண்டு. விழுங்கினால் பெரும்பகுதி வீணாகும், கரையும் வரை பேசக்கூடாது. முதல் மாத்திரையை, பழைய மருந்து இறங்கி உடல்வலியும் கொட்டாவியும் தொடங்கிய பிறகே மருத்துவர் தருவார். அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் போதைமருந்தை அது தள்ளிவிட்டுத் திடீர்த் தவிப்பை உண்டாக்கும். பலர் "எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை" என்று முதல் நாளே விட்டுவிடுவது இதனால்தான். அருகில் எங்கே கிடைக்கும் என்பதை 1097 அல்லது 14446 எண்ணில் கேட்கலாம்.

இன்னொன்றை மறக்கவே கூடாது. சில வாரம் மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர் பழைய அளவையே போட்டால் உடம்பு தாங்காது. மூச்சு மெதுவாகி உதடு நீலம் பாரித்தால் ஒருக்களித்துப் படுக்கவைத்து உடனே 108.

தூய்மைப் பணியில் இருக்கிறேன். குப்பையில் கிடந்த சிரிஞ்சு விரலில் குத்திவிட்டால் என்ன செய்வது?
— நாகர்கோவில்

குத்திய இடத்தைப் பிதுக்கவோ வாயில் வைத்து உறிஞ்சவோ வேண்டாம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். டெட்டால், ஸ்பிரிட் எதுவும் ஊற்ற வேண்டாம், தோல் புண்ணாகும். பிறகு நேராக ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ போங்கள். தடுப்பு மருந்து தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். தேவையென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரம் தாண்டினால் பயனில்லை. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். டெட்டனஸ், ஹெபடைட்டிஸ் பி ஊசிகளையும் கேளுங்கள்.

தெருவில் கிடக்கும் ஊசியால் எச்.ஐ.வி. வருவது மிக மிக அரிது. சிரிஞ்சில் விடப்பட்ட வைரஸை வெவ்வேறு வெப்பத்தில் வைத்துப் பார்த்த ஆய்வு உண்டு. 4 டிகிரியில் 42 நாளுக்குப் பிறகும் பாதி சிரிஞ்சுகளில் உயிரோடு இருந்தது. 27 முதல் 37 டிகிரியில் ஒரு வாரம் தாண்டினால் 1 சதவீதத்துக்கும் குறைவு. நம் ஊர் வெயில் அவ்வளவு உதவுகிறது. அதற்காக மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

எடுக்கும்போது இடுக்கியால் எடுங்கள். மூடியை மாட்ட முயல வேண்டாம், அப்போது எளிதில் குத்திவிடும்.

போதை ஊசி போடுவோருக்குப் புது ஊசியை இலவசமாகக் கொடுப்பது போதையை வளர்ப்பதாகாதா?
— குளச்சல்

உங்கள் கோபம் புரிகிறது. நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஸ்காட் என்றொரு மாவட்டம், மக்கள்தொகை சுமார் 24,000. அங்கும் வலி மாத்திரையைத்தான் கரைத்துப் போட்டார்கள். பழைய ஊசியை வாங்கிக்கொண்டு புது ஊசி தரும் திட்டத்துக்கு அப்போது சட்டத்தில் இடமில்லை. 2015இல் அந்த ஒரு வட்டாரத்தில் 181 பேருக்கு எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது. தொற்று பரவத் தொடங்கிய பிறகுதான் ஊசித் திட்டத்துக்கு அவசர அனுமதி தந்தார்கள். ஊசி கிடைக்காததால் அங்கே யாரும் போதையை விடவில்லை, பகிர்ந்துகொண்டார்கள். புப்ரினார்ஃபின் போன்ற மாற்று மருந்து எடுப்பவர்களிடம் எச்.ஐ.வி. தொற்றும் ஆபத்து சுமார் 54 சதவீதம் குறைகிறது என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள். ஊசி வாங்க வருகிற பையன்தான் பரிசோதனைக்கும் அந்த மருந்துக்கும் வருவான். வேறு எந்த வழியில் அவனைச் சந்திக்கப் போகிறோம்?

சமூகப்பணி படிக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் ஊசி போடுவோரிடம் ஆய்வு செய்ய நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?
— மார்த்தாண்டம்

பட்டியல் இல்லாத மக்கள் என்பதால் வீடு வீடாகப் போய்ப் பயனில்லை. நண்பர் வழி நண்பரைச் சேர்க்கும் முறைதான் வழக்கம். முதலில் சிலரைத் தேர்ந்து ஆளுக்கு இரண்டு மூன்று கூப்பன் கொடுப்பார்கள், அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களை அனுப்புவார்கள். "ஊசி போடுகிற எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்?" என்ற கேள்வியைத் தவறவிடாதீர்கள். நிறையப் பேரைத் தெரிந்தவர் எளிதில் மாட்டுவார், அதைக் கணக்கில் ஈடுகட்ட அந்த எண்தான் வேண்டும்.

கெட்டுப்போவது எங்கே? தொடக்க ஆட்கள் எல்லாரும் ஒரே ஊராக இருந்தால் சங்கிலி அந்த ஊரைத் தாண்டாது. தேங்காப்பட்டணம் துறைமுகப் பக்கம், மலையோர ரப்பர் பகுதி, நாகர்கோவில் நகரம் என்று பிரித்துத் தொடங்குங்கள். எல்லையோரத்தில் மலையாளம் பேசும் ஆளும் வேண்டும். பணத்துக்காக ஊசியே போடாதவர்கள் வருவார்கள். ஒரே ஆள் இருமுறை வருவான். ஈட்டுத்தொகை பயணச் செலவை ஒட்டியே இருக்கட்டும். பெண்கள் தானாக வரமாட்டார்கள்; அவர்களுக்குத் தனி நேரமும் பெண் பணியாளரும் தேவை.

எண்களை ஒப்பிடும்போது கவனம். தேசியக் கண்காணிப்பில் ஊசி போடுவோரிடம் எச்.ஐ.வி. 2017இல் 6.26, 2021இல் 9.03 சதவீதம். இதை வைத்து நான்கு ஆண்டில் புதுத்தொற்று ஏறிவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. அது திட்டங்களில் பதிந்தவர்களிடம் எடுத்த கணக்கு. மையங்கள் மாறினால் எண்ணும் மாறும். பழைய தொற்றோடு, எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தால் (ஏ.ஆர்.டி.) நீண்ட காலம் வாழ்பவர்களும் அதில் இருக்கிறார்கள்.

நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு கேள்விகூடக் கேட்காதீர்கள். பெயர், முகவரி எழுதவே வேண்டாம், எண் போதும். ரத்தம் எடுப்பதானால் முடிவை அவரிடம் சொல்லும் ஆலோசகரும், தொற்று இருந்தால் ஏ.ஆர்.டி. மையத்துக்குக் கூடவே போகும் ஆளும் முதல் நாளிலேயே தயாராக இருக்க வேண்டும். தொற்று இல்லாதவருக்கு மறுபரிசோதனைத் தேதியை எழுதிக் கையில் கொடுங்கள்.