14,500 ரூபாய்க்கு ஒரு பென் டிரைவ்: வாங்கலாமா?

கேள்வி: ஏற்காடு மலையில் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். போன வாரம் சேலத்திலிருந்து ஒருவர் வந்து ஒரு பென் டிரைவும் ஒரு பெட்டியும் காட்டினார். பென் டிரைவில் மூன்று வகுப்புக்கும் அறிவியல் வீடியோக்கள், பெட்டியில் முப்பது சோதனைகளுக்கான சாமான்கள். சேர்த்து 14,500 ரூபாய். இந்த மாதத்துக்குள் சொன்னால்தான் இந்த விலை என்கிறார். மேலாண்மைக் குழுவில் கேட்டால் பணம் கிடைக்கும். எல்லாம் இலவசமாகவே கிடைக்கிறது என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். ஆனால் எங்கள் பள்ளியில் சிக்னல் ஒரு ஜன்னல் ஓரத்தில்தான் வரும். என்ன செய்யட்டும்?
– ஆசிரியை, ஏற்காடு

பதில்: டீச்சர், பென் டிரைவை வாங்காதீர்கள். பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் பேசுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தெரிந்த ஒரு பள்ளிக்காக இதே மாதிரி ஒரு தொகுப்பை நானே பரிந்துரைத்து வாங்க வைத்தேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் பாதிக்கு மேல் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய வீடியோக்கள். மூலையில் இருந்த பழைய பெயரை மறைத்து விற்றவரின் முத்திரையை ஒட்டியிருந்தார்கள். அந்தப் பள்ளியின் பணம் போனது இன்றும் எனக்கு உறுத்தல்தான். அதனால் இந்த விஷயத்தில் நான் கொஞ்சம் கறாராகவே பேசுவேன்.

நீங்கள் எடுக்கும் பாடங்களுக்கு வீடியோ ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. தமிழ்நாடு பாடநூலில் பாடத்தோடு அச்சாகியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் திக்‌ஷா தளத்துக்குப் போகும். 2017ல் தொடங்கிய தேசியத் தளம் அது. ஆறு முதல் பன்னிரண்டு வரைக்கும் மாநிலக் கல்வித்துறையின் மணற்கேணி செயலி இருக்கிறது. நம் பாடத்திட்டத்தையே தமிழிலும் ஆங்கிலத்திலும் அனிமேஷனாகக் காட்டுகிறது. இரண்டுக்கும் ஒரு பைசா கிடையாது.

அடுத்தது ஃபெட் (PhET), அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் இணையதளம். அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002ல் கார்ல் வீமன் தொடங்கியது. முந்தைய ஆண்டுதான் அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்திருந்தது. திரையில் பேட்டரி, பல்பு, வயர், சுவிட்ச் எல்லாம் கிடக்கும். பிள்ளைகள் இழுத்து மாட்டினால் பல்பு எரியும், தப்பாக மாட்டினால் ஷார்ட் ஆகி நெருப்பு காட்டும். பல சோதனைகள் தமிழிலேயே உள்ளன. உங்கள் ஜன்னல் ஓரப் பிரச்சினைக்கும் இதில் வழி இருக்கிறது: ஒவ்வொரு சோதனையையும் தனித்தனி கோப்பாக இறக்கிவைத்துக்கொள்ளலாம். அப்புறம் நெட் இல்லாமலேயே பிரவுசரில் திறக்கும். சனிக்கிழமை சேலத்துக்கு இறங்கும்போது நல்ல சிக்னல் உள்ள இடத்தில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து கோப்புகளை உங்கள் சொந்த பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். 14,500 ரூபாய் பென் டிரைவும் ஏறக்குறைய இப்படித்தான் தயாராகிறது.

இனி பெட்டி. பிள்ளைகள் கையால் தொடும் சாமானுக்குச் செலவு செய்வதை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை முழுப் பெட்டியாக வாங்கினால் மூன்றே மாதத்தில் பேட்டரி தீரும், பல்பு ஃப்யூஸ் ஆகும், அப்புறம் பெட்டி பீரோவுக்குப் போய்விடும். உதிரியாக வாங்குங்கள். டவுனில் எலக்ட்ரானிக் கடையில் எல்இடி, சின்ன மோட்டார், பேட்டரி ஹோல்டர், வயர் எல்லாம் சில்லறையில் கிடைக்கும். அவற்றை வைத்து என்ன செய்வது என்று கேட்டால், அரவிந்த் குப்தாவின் தளத்துக்குப் போங்கள். கான்பூர் ஐஐடியில் படித்தவர், 2018ல் பத்மஸ்ரீ பெற்றவர். தீக்குச்சி, சைக்கிள் வால்வ் ட்யூப், பழைய ஸ்ட்ரா, தினசரித் தாள், இவ்வளவுதான் அவருடைய ஆய்வகம். தமிழ்ப் பேச்சு சேர்த்த வீடியோக்களும் அங்கே உண்டு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உங்களுக்குக் கிடைத்திருக்கும் ஆய்வகம் அந்த மலையே. ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். மேலே காற்றழுத்தம் குறைவு என்பதால் அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். சேலம் டவுனில் அது 99 டிகிரி பக்கத்தில். ஆய்வகத் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி (காய்ச்சல் பார்ப்பது இதற்கு ஆகாது) ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ஒவ்வொரு பிள்ளையையும் தள்ளி நின்று எட்டிப் பார்த்து எண்ணை எழுதச் சொல்லுங்கள். பாடநூலில் நூறு என்று இருக்கிறதே என்று ஒரு பிள்ளை நிச்சயம் கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் அந்த வகுப்பு முழுவதும். வீட்டில் பருப்பு வேக ஏன் இத்தனை நேரம், குக்கரில் ஏன் சீக்கிரம் என்று பேச்சு தானாகப் போகும்.

சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசி. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பிடி வாங்கி, ஊறவைத்து, மெடிக்கலில் கிடைக்கும் போவிடோன் அயோடினைத் தண்ணீரில் கலந்து இரண்டு சொட்டு விடுங்கள். பழுப்பாக விழும் சொட்டு ஜவ்வரிசியில் பட்டதும் கருநீலமாக மாறும். நம் ஊர்க் குச்சிக்கிழங்கு மாவில் இருக்கும் ஸ்டார்ச்சின் வேலை அது. பக்கத்தில் கொஞ்சம் சர்க்கரையை வைத்து அதிலும் விடுங்கள். பழுப்பு பழுப்பாகவே நிற்கும். சேலத்துக்குப் பக்கத்தில் உள்ள கஞ்சமலை அடிவாரத்துப் பிள்ளைகள் என்றால் பாலித்தீன் பையில் சுற்றிய காந்தத்தை ஓடை மணலில் இழுக்கட்டும். கருப்பு மணிகள் மீசை மாதிரி ஒட்டிக்கொள்ளும். மாக்னடைட் என்ற இரும்புத் தாது அது.

வந்தவரிடம் மறுக்க உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த வீடியோக்களைத் தயாரித்தது யார்? தீர்ந்துபோகும் சாமானைத் தனியாகத் தருவீர்களா, என்ன விலை? ஜிஎஸ்டி எண்ணோடு பில் உண்டா? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் பெட்டியை மட்டும் விலை பேசலாம்.

கேள்வி: பத்தாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அறிவியல் செயலி ஒன்றில் “ஏழு நாள் இலவசம்” என்று போட்டிருந்ததால் சேர்ந்தோம். எட்டாவது நாள் என் கணக்கில் 2,999 ரூபாய் போய்விட்டது. கேட்டால் நீங்கள்தான் சம்மதித்தீர்கள் என்கிறார்கள்.
– நெசவாளர், அம்மாபேட்டை

பதில்: முதலில் பணம் மறுபடி போகாமல் தடுங்கள், ஐயா. உங்கள் யுபிஐ செயலியில் ஆட்டோபே (தானாகப் பணம் எடுக்க நீங்கள் கொடுத்த அனுமதிகள்) என்ற பகுதி இருக்கும். அதில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தொட்டு ரத்து செய்யுங்கள். செயலியைப் போனிலிருந்து நீக்கினால் மட்டும் பணம் எடுப்பது நிற்காது. பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

இப்படித் தொடர்ந்து பணம் எடுப்பவர்கள், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தச் செய்தி வந்ததா என்று போனில் தேடுங்கள். வராவிட்டால் அதுவே உங்கள் பலம். சேருவதை எளிதாக்கி விலகுவதை மறைத்துவைக்கும் சந்தாப் பொறியை, 2023ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல் நியாயமற்ற வணிக முறையாகவே குறிப்பிடுகிறது.

ஸ்கிரீன்ஷாட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அங்கே தீராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.

மகளுக்கு ஆய்வகச் சோதனைகள்தான் வேண்டும் என்றால் ஓலேப்ஸ் இருக்கிறது. அமிர்தா பல்கலைக்கழகமும் மத்திய அரசின் கணினி ஆராய்ச்சி நிறுவனமான சிடாக்கும் சேர்ந்து நடத்துவது. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை இயற்பியல், வேதியியல், உயிரியல் சோதனைகளைத் திரையில் செய்து பார்க்கலாம். கார்டு எண் கேட்காது.

கேள்வி: ரோபோட்டிக்ஸ் வகுப்புக்கு மகன் அடம் பிடிக்கிறான். கட்டணத்தைக் கேட்டால் மலைப்பாக இருக்கிறது.
– ஒரு தாய், அஸ்தம்பட்டி

பதில்: மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். அதுவரை ஸ்கிராட்ச் பழகட்டும், பிள்ளைகள் புரோகிராம் எழுதக் கற்கும் மென்பொருள் அது. அமெரிக்காவின் எம்ஐடி உருவாக்கியது, 2007 முதல் இலவசம், கம்ப்யூட்டரில் இறக்கினால் நெட் வேண்டாம். அது பிடித்துப்போனால் டிங்கர்கேட் என்ற இணையதளம். அதில் ஆர்டுயினோ போர்டு (மோட்டார், சென்சாரை இயக்கும் சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை), மோட்டார், சென்சார் எல்லாவற்றையும் திரையிலேயே இணைத்து ஓட்டிப் பார்க்கலாம், ஆனால் அதற்கு நெட் வேண்டும். மூன்று மாதம் கழித்தும் இரவு சாப்பிடக் கூப்பிட்டால் எழுந்து வராமல் அதிலேயே உட்கார்ந்திருந்தான் என்றால் அவனுக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறது. அப்போது வகுப்புக்குக் கட்டுங்கள், சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் இலவசப் பயிற்சித் தாள்களை ஜெராக்ஸ் எடுத்து வகுப்பில் கொடுக்கலாமா? டியூஷன் பிள்ளைகளுக்கு விற்கலாமா?
– ஆசிரியர், ஆத்தூர்

பதில்: தாளின் அடியில் கிரியேட்டிவ் காமன்ஸ் குறி (மற்றவர்கள் பயன்படுத்தலாம் என்று தயாரித்தவரே கொடுக்கும் அனுமதி) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தயாரித்தவர் பெயரை எடுக்காமல் பிரதி எடுத்து வகுப்பில் கொடுக்கலாம். அந்தக் குறியில் என்சி என்ற எழுத்தும் சேர்ந்திருந்தால் வணிக நோக்கத்துக்குப் பயன்படுத்தக்கூடாது, அதனால் விற்பதை விட்டுவிடுங்கள். குறியே இல்லாத தாளுக்குத் தயாரித்தவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். வகுப்புக்கு என்று சொன்னால் பெரும்பாலும் சரி என்றே பதில் வரும். அந்தப் பதிலை அச்செடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.