கைவினைக் கிறிஸ்துமஸ் அலங்காரம் பள்ளிக் கண்காட்சி போல ஆகாமல் இருக்க

கேள்வி: கடையில் வாங்கும் பிளாஸ்டிக் அலங்காரங்கள் வேண்டாம் என்று சென்ற கிறிஸ்துமஸுக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்தோம். வண்ணக் காகிதச் சங்கிலி, பாட்டிலில் பனிமனிதன், பஞ்சுத் தாடி வைத்த தாத்தா, ஐஸ் குச்சி நட்சத்திரம் என்று நிறையச் செய்தும் வீடு பள்ளிக் கண்காட்சி போலத்தான் இருந்தது. இந்த ஆண்டும் கையால்தான் செய்ய ஆசை. வாடகை வீடு என்பதால் ஆணி அடிக்க முடியாது. ஐந்து வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு குழந்தைகள். கையில் மூன்று வார இறுதிகள் இருக்கின்றன. எதைச் செய்யலாம், எதை விட்டுவிடலாம்? செய்ததை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்க முடியுமா?

பதில்: காரணம் உங்கள் பட்டியலிலேயே இருக்கிறது. நான்கு பொருள், நான்கு பாணி, எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு நிறம். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றும் நன்றாகவே இருந்திருக்கும். எல்லாம் ஒரே அறைக்கு வந்ததும் கண்ணுக்குத் தங்க இடம் இல்லாமல் போய்விட்டது. கடைச் சரக்கில் இந்தத் தொல்லை குறைவு. இயந்திரம் ஒரே அச்சில் நூறு உருண்டைகளைத் தள்ளிவிடுகிறது. அந்த ஒருமையே பாதி அழகைக் கொடுத்துவிடும். கைவேலையில் அதை நாம்தான் கொண்டுவர வேண்டும்.

எனவே ஒரே வடிவத்தைப் பலமுறை செய்யுங்கள். இரண்டு நிறங்களுக்கு மேல் போகாதீர்கள். வீட்டில் இரண்டு இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். சன்னலில் நட்சத்திரங்கள், ஒரு மூலையில் குடில் என்பது என் யோசனை. மற்றச் சுவர்கள் சும்மா இருக்கட்டும். நிறத்துக்கு வெள்ளையும் பொட்டலத் தாளின் பழுப்பும் போதும். வேண்டுமானால் அங்கங்கே ஒரு பொட்டுத் தங்கம். மினுக்குத் தூளை மட்டும் வீட்டுக்குள் விடாதீர்கள். அது ஈஸ்டர் வரை சோபாவை விட்டுப் போகாது.

நட்சத்திரத்தில் எதைச் செய்வது என்பது முக்கியம். தேவாலயங்களிலும் வீட்டு வாசல்களிலும் தொங்கும் பல முனை நட்சத்திரத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில், மொராவியத் திருச்சபை என்ற புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவப் பிரிவு நடத்திய பள்ளியில், வடிவியல் பயிற்சியாகத் தொடங்கிய கைவேலை. வழக்கமான அமைப்பில் அடிப்பகுதி சதுரமாக உள்ள முனைகள் 17, அடிப்பகுதி முக்கோணமாக உள்ள முனைகள் 8, மொத்தம் 25. இருபத்தாறாவது முனை இருக்க வேண்டிய இடம் விளக்கை நுழைப்பதற்கான திறப்பு. பார்க்க அற்புதமாக இருக்கும். ஆனால் ஒரு முனையின் அடிப்பகுதி இரண்டு மில்லிமீட்டர் பிசகினாலும் கடைசி முனை உட்காராது. மூன்று வார இறுதிகளில் இரண்டு குழந்தைகளோடு அதைத் தொடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது காகிதப் பை நட்சத்திரம். சாதாரண 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை கிராமில்) ஏ4 தாள் போதும். தாளைப் படுக்கைவாட்டில் வைத்து, இடது வலது ஓரங்களை நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஒன்றின் மேல் ஒன்று வருமாறு மடித்து ஒட்டுங்கள். கீழ் விளிம்பை மூன்று சென்டிமீட்டர் மேலே மடித்து ஒட்டினால் ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் அகலமும் 18 சென்டிமீட்டர் உயரமும் உள்ள பை கிடைக்கும். அட்டையில் ஓர் அச்சு வெட்டிக்கொண்டு, பையின் திறந்த வாய்ப் பக்கத்தை எல்லாப் பைகளிலும் ஒரே அளவில் கூர்முனையாக வெட்டுங்கள். பக்க ஓரங்களில் சிறு முக்கோணங்களை வெட்டி எடுத்தால் விரித்த பிறகு சல்லடை வேலைப்பாடு தெரியும். ஒரு பக்கத்துக்கு இரண்டு போதும். அதற்கு மேல் போனால் தாள் துவண்டுவிடும்.

இனி ஒட்டும் முறை. ஒரு பையைப் படுக்கவைத்து, மூடிய அடிப்பக்கம் நெடுகப் பசைக் கோடு ஒன்று, அதன் நடுவிலிருந்து கூர்முனை வரை மேல்நோக்கி இன்னொரு கோடு. அதன் மேல் அடுத்த பையை விளிம்பு பிசகாமல் வையுங்கள். எட்டு அல்லது ஒன்பது பைகள் அடுக்கியதும் முதல் பையையும் கடைசிப் பையையும் பிடித்து விசிறி போல் விரித்துப் பாருங்கள். சுற்று முழுமையாகாமல் இழுத்தால் இன்னொரு பை சேருங்கள். வலிந்து இழுத்து ஒட்டினால் ஒரு வாரத்தில் நடுவில் கிழியும். வெள்ளைப் பசை இந்த வேலைக்கு ஆகாது. அதிலுள்ள ஈரத்தில் மெல்லிய தாள் சுருங்கும். பசைக் குச்சிதான் சரி.

ஏ4 தாளில் செய்த நட்சத்திரம் சுமார் 36 சென்டிமீட்டர் குறுக்களவு வரும். தாளை இரண்டாக வெட்டினால் கிடைக்கும் ஏ5 தாளுக்கும் அதே நீள அகல விகிதம் இருப்பதால், கீழ் மடிப்பை இரண்டு சென்டிமீட்டராகக் குறைத்து அதே முறையில் செய்தால் 25 சென்டிமீட்டர் அளவில் ஒரு தம்பி நட்சத்திரம் கிடைக்கும். பெரியது மூன்று, சிறியது நான்கு செய்யுங்கள். ஒன்றுக்கு ஒன்பது பை வீதம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 45 ஏ4 தாள்கள் ஆகும். ஒரு சன்னலுக்கு ஏழு நட்சத்திரங்களுக்கு மேல் வேண்டாம்.

ஆணிக் கவலையை விடுங்கள். 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் ஒன்று 5 கிராம்தான். ஒன்பது தாள் நட்சத்திரம் பசையோடு சேர்த்தும் 50 கிராமைத் தாண்டாது. திரைச்சீலைக் கம்பியில் தூண்டில் நரம்பைக் கட்டித் தொங்கவிடலாம். கம்பி இல்லையென்றால் ஒட்டும் கொக்கிகள் இரண்டை வைத்து, அவற்றின் குறுக்கே ஒரு காய்ந்த கிளையைக் கட்டி அதிலிருந்து தொங்கவிடுங்கள். நட்சத்திரங்களை ஒரே மட்டத்தில் வரிசையாக நிறுத்த வேண்டாம். பெரியவை மூன்றையும் வெவ்வேறு உயரத்தில் முதலில் தொங்கவிட்டு, இடைவெளிகளில் சிறியவற்றைப் போடுங்கள். கொக்கியையோ டேப்பையோ பிறகு எடுக்கும்போது வெடுக்கென்று முன்னால் இழுத்தால் வண்ணமும் சேர்ந்து வரும். முடி உலர்த்தியால் சற்றுச் சூடுகாட்டி, சுவரை ஒட்டியவாறே மெதுவாக உரித்தால் வராது.

வெளிச்சம்தான் இந்த வேலைக்கு உயிர். மெல்லிய தாளைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான். பின்னாலிருந்து ஒளி வந்தால் தாள் ஒன்றாக உள்ள இடம் வெளிறியும், இரண்டு மூன்று அடுக்கு சேரும் இடம் நிழலாகவும் தெரியும். வெறும் வெள்ளைத் தாளில் நான்கைந்து சாயல்கள் கிடைக்கும். எல்இடி சீரியல் விளக்கைக் கண்ணாடிக்கும் நட்சத்திரங்களுக்கும் இடையில் விடுங்கள். பெட்டியில் ‘வார்ம் ஒயிட்’ என்றோ 2700 முதல் 3000 கெல்வின் என்றோ போட்டிருப்பதை வாங்குங்கள். நீலம் கலந்த வெண்மை காகிதத்தைச் செத்துப்போன நிறமாகக் காட்டும். மினுக்கி மினுக்கி அணையும் வசதி இருந்தால் அதை நிறுத்திவைப்பது நல்லது. பழைய இழை பல்புச் சரம் வீட்டில் இருந்தால் அதைக் காகிதத்தின் பக்கம் கொண்டுவர வேண்டாம், அது சூடாகும். காகித நட்சத்திரத்துக்கு அருகில் மெழுகுவர்த்தி எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. இன்னொன்று: சின்ன அலங்கார விளக்குகளில் பொத்தான் பேட்டரி இருக்கும். குழந்தை அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடக்கூடும். பேட்டரி மூடி திருகாணியால் பூட்டியிருக்கும் வகையை மட்டும் வாங்குங்கள்.

இனி குடில். இங்கேதான் பலரும் பொருளைக் கொட்டுகிறார்கள்: அருவி, பாலம், மலை, பனி, பாலைவனம் எல்லாம் ஒரே மேசையில். அசிசியின் புனித பிரான்சிஸ் 1223ஆம் ஆண்டு இத்தாலியின் கிரெச்சோவில் கிறிஸ்துமஸ் இரவுக்கு ஏற்பாடு செய்த காட்சியில் இருந்தவை ஒரு தீவனத் தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை, அவ்வளவுதான். உங்கள் மூலைக்கும் தொட்டி, குழந்தை, மரியா, யோசேப்பு, இரண்டு விலங்குகள் போதும். இடையர்களும் ஞானிகளும் அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்து சேரட்டும்.

குகைக்கு ஓர் அட்டைப்பெட்டியைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். பழுப்புப் பொட்டலத் தாளை நன்றாகக் கசக்கி, விரித்து, மறுபடி கசக்குங்கள். துணி போல மிருதுவாகும் வரை கசக்கினால்தான் பாறையின் மடிப்பு வரும். ஒருமுறை கசக்கிய தாள் கசக்கிய தாளாகவே தெரியும். ஐந்து வயதுக் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து தாளின் உட்புறம் பூசிப் பெட்டியின் மேல் போர்த்துங்கள். மறுநாள் காய்ந்ததும், சாம்பல் வண்ணம் தொட்டுப் பெரும்பாலும் துடைத்துவிட்ட தூரிகையால் மடிப்பின் மேடுகளை மட்டும் உரசுங்கள். பள்ளங்கள் பழுப்பாகவே இருக்கும்போது பாறைக்கு ஆழம் வந்துவிடும்.

உருவங்களைக் கூம்பிலிருந்து செய்யலாம். 12 சென்டிமீட்டர் ஆரமுள்ள கால்வட்டம் ஒன்றைக் கெட்டித் தாளில் வெட்டி, நேர் விளிம்புகள் இரண்டையும் சேர்த்து ஒட்டினால் ஏறத்தாழ 11.5 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒடுங்கிய கூம்பு வரும். மேலே 3 சென்டிமீட்டர் மர உருண்டையோ காகித உருண்டையோ வைத்தால் யோசேப்பு தயார். மரியாவுக்கு 9 சென்டிமீட்டர் ஆரம் எடுத்தால் மண்டியிட்ட உயரம் கிடைக்கும். பழைய பருத்தித் துணியை முக்காடாகப் போர்த்துங்கள். முகம் வரைய வேண்டாம். கைவேலை உருவங்களைக் கெடுப்பது பெரும்பாலும் கண்ணும் வாயும்தான். முகமில்லாத தலை சற்றுக் குனிந்திருந்தால் அதுவே போதும். விலங்குகளை அட்டையில் பக்கத் தோற்றமாக வெட்டி, சற்றுப் பின்னால், நிழலில் நிறுத்துங்கள். விளக்கு ஒன்றே ஒன்று, பெட்டியின் முன்விளிம்புக்கு உட்புறம், பார்ப்பவர் கண்ணில் படாமல், தொட்டியை நோக்கி இருக்கட்டும்.

ஒன்பது வயதுக்காரரிடம் நட்சத்திரப் பைகளின் மடிப்பையும் கூம்பு வெட்டுவதையும் கொடுத்துவிடலாம். குளூ கன், வெட்டுக்கத்தி இரண்டும் பெரியவர்கள் கையில் மட்டும். சின்னவர் செய்து கொண்டுவரும் பஞ்சுத் தாத்தாவை மறுக்க வேண்டாம். அவருக்கென்று குளிர்சாதனப் பெட்டியின் கதவைக் கொடுத்துவிடுங்கள்.

கிறிஸ்துமஸ் மரம் இல்லாமல் மனம் ஒப்பாது என்றால், 70 சென்டிமீட்டரில் தொடங்கிப் பத்துப் பத்தாகக் குறைந்து 10 சென்டிமீட்டரில் முடியும் ஏழு காய்ந்த குச்சிகளை எடுத்து, வெயிலில் காயவைத்துத் தட்டிவிட்டு, இரண்டு சணல் கயிறுகளில் ஏணி போலக் கட்டி ஒரே கொக்கியில் மாட்டுங்கள். அதில் தொங்கவிட உப்பு மாவு வில்லைகள் சரியாக இருக்கும். இரண்டு பங்கு மைதா, ஒரு பங்கு தூள் உப்பு, ஏறக்குறைய ஒரு பங்கு தண்ணீர். அரை சென்டிமீட்டர் கனத்தில் தேய்த்து, துளையிட்டு, 100 முதல் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்த வேண்டும். அதிக வெப்பத்தில் அவசரப்படுத்தினால் உப்பிக்கொள்ளும். உப்பு காற்றின் ஈரத்தை இழுக்கும் என்பதால் துளையின் உட்புறம் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் பூச வேண்டும். வீட்டில் நாய் இருந்தால் இந்த வேலையே வேண்டாம். அவ்வளவு உப்பை அது தின்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து.

நாள் கணக்கு எளிது. முதல் வார இறுதியில் குகையும் மாவு வில்லைகளும், ஏனெனில் இரண்டும் காய நேரம் கேட்கும். இரண்டாவதில் நட்சத்திரங்கள் மட்டும். மூன்றாவதில் உருவங்களைச் செய்துவிட்டு எல்லாவற்றையும் மாட்டுங்கள்.

எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். முடியும், ஆனால் அதை இப்போதே யோசிக்க வேண்டும். நட்சத்திரத்தின் கடைசி இணைப்பை, அதாவது முதல் பையும் கடைசிப் பையும் சேரும் இடத்தை, ஒட்டாமல் இரண்டு மூன்று காகிதக் கிளிப்புகளால் பிடித்துவிடுங்கள். விழா முடிந்ததும் கிளிப்பைக் கழற்றினால் நட்சத்திரம் மறுபடி தட்டையான கட்டாகிவிடும்; ஏழும் ஒரு கோப்பு அட்டைக்குள் அடங்கும். கூம்புகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகி, தலைகளைத் தனியே துணியில் சுற்றி வையுங்கள். குகையைச் சேமிக்க வேண்டாம். இடத்தை அடைக்கும், அடுத்த ஆண்டு கசக்க வேலையும் இல்லாமல் போகும். மாவு வில்லைகளைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். எடுக்கும்போது பிசுபிசுப்பு இருந்தால் வார்னிஷில் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது. அந்த வில்லையை எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்வதே சுலபம்.