ஞாயிற்றுக்கிழமை ஒரு தணல், புதன்கிழமை வரை சாப்பாடு

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம், அவருக்கு ஓசூரில் ஷிஃப்ட். மகள் ஏழாவது, மகன் மூன்றாவது. காலை ஏழே காலுக்கு ஸ்கூல் வேன் வந்துவிடும், மாலை நான் வீடு வந்து சேர ஆறரை. பைபாஸில் ஒரு முறை கிரில் சிக்கன் வாங்கிக் கொடுத்ததிலிருந்து இரண்டும் தினமும் அதையே கேட்கின்றன. வீட்டிலேயே சுட ஒரு பார்பெக்யூ அடுப்பு வாங்கலாமா? அப்பாவின் மாந்தோப்பில் காய்ந்த குச்சி நிறையக் கிடக்கிறது, அது ஆகுமா? மாமியார் வேறு, சுட்டதெல்லாம் உடம்புக்குச் சூடு என்கிறார்.
வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: தங்கச்சி, முதலில் அந்த அடுப்பை வாங்காதீர்கள். நான் வாங்கினேன். மூடி, சக்கரம் எல்லாம் வைத்தது, கடைக்காரர் பேசியதைக் கேட்டால் அதுவே கோழியைப் பிடித்துச் சுட்டுக் கொடுத்துவிடும் போலிருந்தது. இரண்டு முறை பற்றவைத்தேன், இப்போது அதில் கற்பூரவல்லி வளர்கிறது, நன்றாகவே வளர்கிறது. ஆறரைக்கு வீடு திரும்புகிறவர் கரியைப் பற்றவைத்து, அது மேலே சாம்பல் பூத்து நிற்க அரை மணி, அப்புறம் சுட அரை மணி, அதற்குள் உங்கள் சின்னவன் பிஸ்கட் பாக்கெட்டைக் காலி செய்துவிட்டுத் தூங்கியிருப்பான்.

அதனால் வார நாளில் தணல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு தணல் போட்டு, சுடக்கூடியதையெல்லாம் அதில் சுட்டு எடுத்து வைத்துக்கொண்டு புதன் வரை ஓட்டுங்கள். மிச்ச இரண்டு நாளுக்குத் தோசைக்கல்லும் ஒரு துண்டு கரியும் போதும்.

அடுப்புக்கு நான்கு செங்கல், மேலே ஒரு கெட்டியான எவர்சில்வர் கம்பித் தட்டு. கோழிக்கூண்டு வலையை வெட்டிப் போடாதீர்கள், அதில் துத்தநாகப் பூச்சு இருக்கும், தணல் சூட்டுக்கு அது ஆகாது. மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கிற வேலையும் வேண்டாம், நாற்றம் கறியில் இறங்கிவிடும். தேங்காய் நாரும் கொட்டாங்குச்சியும் போதும்.

சனிக்கிழமை இரவே ஒரு கிலோ தொடைக்கறியை எலும்பெடுத்து விரல் தடிமனுக்குத் திறந்து வாங்கி, நான்கு கரண்டி கெட்டித் தயிர், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள், மல்லித்தூள், மஞ்சள், உப்பு போட்டுப் பிசைந்து ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். எலுமிச்சை இப்போது வேண்டாம், ராத்திரி முழுக்கப் புளிப்பில் கிடந்தால் கறி மாவாகிவிடும், சுட்ட பிறகு பிழிந்துகொள்ளலாம்.

தணல் மூர்க்கமாக இருக்கும்போது கோழியை வைக்கிறவர்கள்தான் அதிகம். வெளியே கரியும் உள்ளே பச்சையுமாக வருவது அதனால்தான். அந்த முதல் சூட்டைக் காய்கறிக்குக் கொடுங்கள். பெரிய கத்திரிக்காயை இரண்டு இடத்தில் கீறி ஒவ்வொன்றிலும் ஒரு பல் பூண்டு செருகி, எண்ணெய் தடவிப் போட்டுத் திருப்பிக்கொண்டே இருங்கள். தோல் கருகி, காற்றுப் போன பலூன் மாதிரி தொய்ந்து, காம்புப் பக்கம் அமுக்கினால் விரல் உள்ளே போக வேண்டும், காம்பருகே கெட்டியாக இருந்தால் இன்னும் வேகவில்லை. எடுத்து ஒரு சட்டியில் பத்து நிமிடம் மூடி வைத்தால் தோல் கையோடு வந்துவிடும். தயவுசெய்து குழாயடியில் கழுவி உரிக்காதீர்கள், இவ்வளவு பாடுபட்டு ஏற்றிய புகையைச் சாக்கடைக்கு அனுப்புகிற வேலை அது. பக்கத்திலேயே தக்காளி, சின்ன வெங்காயம், நாலு பச்சை மிளகாய். ராயக்கோட்டை, பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி விலை விழுகிற வாரமாக இருந்தால் இரண்டு கிலோவாகவே சுட்டு வைத்துவிடுங்கள்.

அப்புறம் கோழி. தட்டுக்குச் சற்று மேலே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், ஐந்தாறு வினாடி தாங்கினால் சரியான சூடு. ஒரு பக்கம் ஆறேழு நிமிடம், திருப்பி இன்னொரு ஆறேழு. இருப்பதிலேயே தடிமனான துண்டை வெட்டிப் பாருங்கள், உள்ளே சிவப்பு தெரிந்தால் எல்லாவற்றையும் திரும்பப் போடுங்கள். கறி வெப்பமானி இருந்தால் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் காட்ட வேண்டும். பச்சைக் கறி வைத்திருந்த தட்டிலேயே சுட்டதை எடுத்து வைக்கக் கூடாது, மிஞ்சிய மசாலாவை மேலே தடவவும் கூடாது. கருகின ஓரத்தைக் கிள்ளிப் போட்டுவிடுங்கள். கடைசியில் அணைகிற தணலில் சர்க்கரைவள்ளிக் கிழங்கைப் புதைத்துவிட்டுப் போனால் பிள்ளைகள் குளித்து வருவதற்குள் வெந்திருக்கும்.

ஞாயிறு மதியம் சுடச்சுடக் கோழி, அதில் பாதி. மீதி ஆறியதும், எப்படியும் இரண்டு மணி நேரத்துக்குள், ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். திங்கள் இரவு ராகி களி, தொட்டுக்கொள்ளச் சுட்ட கத்திரிக்காய், தக்காளி, வெங்காயம், மிளகாயோடு துளி புளியும் உப்பும் போட்டு மத்தால் கடைந்த கடையல். களி கிளற இருபது நிமிடம், கடையலுக்கு ஐந்து. இந்த வேலையை மாமியாரிடம் விட்டுவிடுங்கள். நம் பக்கத்தில் விறகடுப்புத் தணலில் கத்திரிக்காயைச் சுட்டுக் கடைந்து களியோடு சாப்பிடாமல் அந்த வயதுக்கு யார் வந்திருக்கிறார்கள், சூடு என்கிற பேச்சு மத்தைக் கையில் வாங்கியதும் நின்றுவிடும். நிற்காவிட்டால் ஒரு சொம்பு மோர்.

செவ்வாய் கோழியைப் பிய்த்து வெங்காயத்தோடு கல்லில் ஆவி பறக்கப் புரட்டிச் சப்பாத்தியில் சுருட்டிக் கொடுங்கள். புதன் மிச்சமிருப்பது சாமைச் சோற்றோடு. அதற்கு மேல் வைக்காதீர்கள்.

வியாழன் அணை மீன் கிடைத்தால் ஜிலேபி, கீறி மசாலா தடவி வாழை இலையில் மடித்துத் தோசைக்கல்லில். வெள்ளி வீட்டில் கவுச்சி கிடையாது என்றால் பன்னீரோ, வேகவைத்த உருளைக்கிழங்கோ. இந்த இரண்டு நாளும் புகை வாசத்துக்கு ஒரே ஒரு கொட்டாங்குச்சிக் கரித்துண்டு போதும். கேஸ் நெருப்பில் கம்பித் தட்டு மேல் அது சிவக்கட்டும். வெந்து முடிந்த பண்டத்தை ஒரு சட்டியில் போட்டு, நடுவில் சின்ன எவர்சில்வர் கிண்ணம் வைத்து, கரியை அதில் இட்டு, அரைத் தேக்கரண்டி நெய் விட்ட அந்த நொடியே மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் போதும், கால் மணி விட்டால் கசக்கும். இந்தப் புகை வாசம்தான் தரும், எதையும் வேகவைக்காது, பச்சை மீனுக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள்.

இது சின்னத் துண்டு, ஜன்னலைத் திறந்து வைத்தால் சரி. ஆனால் தணல் சட்டியை வீட்டுக்குள் எடுத்து வராதீர்கள். ஒரு மழை நாளில் நான் சமையலறையிலேயே கும்மட்டியை வைத்துக் கதவைச் சாத்திச் சுட்டேன். புகை ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை, அரை மணியில் தலை இடித்தது, எழுந்தால் கால் பின்னியது, வீட்டுக்காரர் வந்து கதவைத் திறந்து வெளியே இழுத்து உட்காரவைத்தார். கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் கிடையாது, நிறமும் கிடையாது. மழையா, அந்த ஞாயிறு தோசைக்கல்தான்.

மதிய டப்பாவில் கோழி வேண்டாம். காலை ஏழு மணிக்குக் கட்டினால் மதியம் வரை ஐந்து மணி நேரம் வெதுவெதுப்பில் கிடக்கும். ஞாயிறு தணலில் தோலோடு வேர்க்கடலையை வாட்டி வைத்துக்கொண்டு புளி சாதத்தில் போட்டுக் கொடுங்கள், புளியும் எண்ணெயும் அதைத் தாங்கும், டப்பாவைத் திறந்ததும் புகை வாசமும் வரும்.

மாங்குச்சி தாராளமாக ஆகும், அதன் புகை மெதுவானது, கோழிக்குப் பொருந்தும். ஆனால் ஒடித்தால் படக்கென்று ஒடிய வேண்டும். வளைகிற குச்சி ஈரம், கண்ணைத்தான் எரிக்கும். அறுவடை முடிந்து கவாத்து செய்த கிளை என்றால் சில மாதம் மழை படாமல் காயட்டும். பூச்சிமருந்து அடித்த கொஞ்ச நாளில் வெட்டியதைத் தொடாதீர்கள், பெயின்ட் அடித்த பழைய பெட்டிப் பலகையும் கூடாது. கட்டுக்குள் வேப்பங்குச்சி கலந்து வந்திருந்தால் பொறுக்கி வெந்நீர் அடுப்புக்குப் போட்டுவிடுங்கள், கறி கசக்கும்.