முக்கால் அங்குலம் எங்கே போனது?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் தருகிறார், கிளிநொச்சியில் பெண்பிள்ளைகளுக்குத் தையல் பழக்கும் அக்கா.

கேள்வி: அக்கா, துண்டுத்துணிப் போர்வைக்கு ‘லொக் கபின்’ கட்டம், அதாவது நடுச்சதுரம் ஒன்றைச் சுற்றி நீளத் துணிக் கீலங்கள் வைத்த கட்டம், தைக்கிறேன். நடுச்சதுரம் 2½ அங்குலம், கீலங்கள் 1½ அங்குல அகலம், மூன்று சுற்று. கட்டம் 8½ அங்குலம் வரவேண்டுமாம். எனக்கு 7¾தான் வருகிறது. ஓரமும் அலை அலையாக நிற்கிறது. வெட்டியதில் பிழை இல்லை. (வாசகி, விசுவமடு)

பதில்: வெட்டியது சரி என்பதை நம்புகிறேன் தங்கச்சி. பிழை தையல் விளிம்பில், அதாவது தையலுக்கு வெளியே விடும் துணியில்தான். இந்தக் கட்டத்துக்கு விளிம்பு சரியாகக் கால் அங்குலம். சட்டை தைத்துப் பழகிய கை அதைவிடக் கொஞ்சம் கூட விடும். உங்கள் கணக்கைப் பாருங்கள். குறுக்கே ஏழு துண்டுகள், ஆறு தையல்கள். ஒவ்வொரு தையலிலும் பக்கத்துக்கு ஒரு வீசம், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, கூடப் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் சேர்ந்தால் அரைக்கால், அதாவது எட்டில் ஒரு பங்கு. ஆறு அரைக்கால் முக்கால். காணாமல் போன முக்கால் அங்குலம் அதுதான்.

மெசினில் துணியை அமத்திப் பிடிக்கும் பாதத்தின் ஓரத்தை நம்பித் தைக்காதீர்கள். பழைய மிதிக்கும் மெசின்களில் அது ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு அளவு. அடிமட்டத்தை ஊசிக்குக் கீழே வைத்து, சில்லைக் கையால் மெல்லச் சுற்றி, ஊசியைக் கால் அங்குலக் கோட்டில் இறக்குங்கள். அடிமட்டத்தின் ஓரம் முடிகிற இடத்தில் தட்டின் மேல் பிளாஸ்டர் ஒரு துண்டு ஒட்டிவிடுங்கள். துணி அந்தப் பிளாஸ்டரை உரசிக்கொண்டே போகவேண்டும். பிறகு 1½ அங்குலக் கீலம் மூன்றைச் சேர்த்துத் தைத்து, அழுத்திப் பெட்டியால் அழுத்தி, நடுக் கீலத்தை அளந்து பாருங்கள். சரியாக 1 அங்குலம் இருந்தால் கட்டத்தைத் தொடங்கலாம். குறைந்தால் பிளாஸ்டரை ஊசிப் பக்கம் கொஞ்சம் தள்ளுங்கள். இந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். என்னிடம் வரும் பிள்ளைகள் ஒருவரையும் இதைச் செய்யாமல் நான் கட்டத்தில் கை வைக்க விடுவதில்லை.

அலைக்குக் காரணம் வேறு. நீளக் கீலத்தை அப்படியே வைத்துத் தைத்துவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் வெட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அப்போது மெசின் துணியை இழுத்துவிடும். கீலங்களை முதலே அளந்து வெட்டி வையுங்கள். முதற் சுற்றுக்கு 2½, 3½, 3½, 4½. இரண்டாவதற்கு 4½, 5½, 5½, 6½. மூன்றாவதற்கு 6½, 7½, 7½, 8½. ஒவ்வொரு சுற்றிலும் முதல் இரண்டும் வெளிர் நிறம், அடுத்த இரண்டும் கடும் நிறம். அப்படி வைத்தால் கட்டம் மூலைக்கு மூலை வெயிலும் நிழலுமாகப் பிரியும். ஒவ்வொரு கீலம் தைத்ததும் அழுத்தவேண்டும். அழுத்திப் பெட்டியைத் துணிமேல் இழுக்காமல், வைத்து எடுத்து வைத்து எடுத்து அழுத்துங்கள். இழுத்தாலும் அலை வரும்.

கேள்வி: அம்மாவின் நைலெக்ஸ் சாறி ஒன்று கிழிந்த நிலையில் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. அதைப் பருத்தித் துணியோடு சேர்த்துத் தைக்கலாமா? (வாசகி, நெடுங்கேணி)

பதில்: தைக்கலாம் பிள்ளை, கட்டாயம் தையுங்கள். ஆனால் கீலமாக வேண்டாம். நைலெக்ஸ் வழுக்கும், பருத்தியை அழுத்தும் சூட்டுக்கு உருகியும் போகும். நல்லாயிருக்கும் இடத்தில் வெட்டி, பின்னால் மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிவர நூலோட்டிப் பிடித்து, நடுச்சதுரமாக வையுங்கள். அழுத்தும்போது மேலே ஒரு பழைய துணி விரித்து, சூட்டைக் குறையுங்கள்.

அமெரிக்காவில் இந்த ‘லொக் கபின்’ கட்டம் 1860களில் பரவியது. மரக்குற்றி அடுக்கிக் கட்டும் குடிலின் பெயர்தான் அதற்கு. நடுவில் சிவப்புத் துணி வைப்பார்கள், அது வீட்டின் அடுப்பு என்று சொல்வார்கள். உங்கள் வீட்டு அடுப்படியில் நின்றவரின் சாறிக்கு அந்த இடம் பொருந்தும்.

சாயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2010இல் மீளக்குடியேறிய முதல் மாரியில், தறப்பாள் கொட்டிலில் இருந்து நான் தைத்த முதற் கட்டத்தில் சிவப்புச் சீத்தையும் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டைத் துண்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் தோய்க்காமலே தைத்தேன். முதல் தோய்ச்சலிலேயே வெள்ளை முழுக்க ரோசா நிறம். அது மகளின் சட்டை. இப்போது சிவப்புத் துணியை வாளியில் ஊறவைத்து, தண்ணீர் தெளியும்வரை மாற்றி மாற்றி அலசாமல் கத்தரிக்கோலைத் தொடமாட்டேன்.

கேள்வி: போர்வைக்கு நடுவில் பஞ்சு வைக்கவேண்டுமா? (வாசகி, ஒட்டுசுட்டான்)

பதில்: எங்கள் வெக்கைக்கு வேண்டாம். மார்கழிக் குளிருக்குப் பழைய பருத்திச் சாறி ஒன்றை நடுவில் விரித்தால் போதும். போர்வையின் அடிப்பக்கத்துக்கு, கட்டிக் கட்டி மெதுமெதுவென்று வந்த சாரம் நல்லது. ஒரு சாரத்தின் அகலம் போதாவிட்டால் இரண்டை மூட்டுங்கள். மூன்று படையையும் பாயில் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து வெளியே நூலோட்டிக்கொண்டு போங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து நிற்கும்.