கல் பட்டறையில் வேலை, நெஞ்சுப் படத்தில் புள்ளிகள்: மறுபடியும் டிபி மாத்திரையா?

கேள்வி: அப்பாவுக்கு 49 வயது. பர்கூர் பக்கம் கிரானைட் பட்டறையில் 17 வருடமாக ஸ்லாப் கட்டிங், எட்ஜ் பாலீஷ் வேலை. இரண்டு வருடமாக வறட்டு இருமல். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. போன வருடம் எக்ஸ்ரேயில் புள்ளிகள் இருப்பதாகச் சொல்லி 6 மாதம் டிபி மாத்திரை கொடுத்தார்கள். அப்போது சளிப் பரிசோதனை நெகட்டிவ். இப்போது எடுத்த படத்திலும் புள்ளி அப்படியே இருக்கிறது, மறுபடி மாத்திரை ஆரம்பிக்கலாம் என்கிறார்கள். இன்னொரு டாக்டர் இன்ஹேலர் தந்தார், கொஞ்சம் பரவாயில்லை. இது என்ன நோய்? அப்பா வேலைக்குப் போகலாமா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது சிலிக்கோசிஸ். கல் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் தங்கி, அதைச் சுற்றித் தழும்பு கட்டும் நோய் இது. தழும்பு மாத்திரையில் கரையாது. குணமான டிபியும் தழும்பை விட்டுத்தான் போகும். ஆகவே புள்ளி மறையவில்லை என்பது மட்டுமே இரண்டாம் முறை டிபி மருந்து தொடங்கக் காரணம் ஆகாது. அதற்காக டிபி இல்லை என்று ஒதுக்கிவிடவும் முடியாது. சிலிக்கா படிந்த நுரையீரலில் டிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

அடுத்த முறை போகும்போது ஒரு வெள்ளைத்தாளில் அப்பாவின் வேலை வரலாற்றை எழுதிக் கொடுங்கள். கூட்டமான ஓ.பி.யில் டாக்டர் கேட்காமல் விடுவதும், "கூலி வேலை" என்று நோயாளி சுருக்கிச் சொல்வதும்தான் இந்த நோய் தவறிப்போக முக்கியக் காரணம். எந்த வருடம் முதல் எந்த வருடம் வரை, எந்த மெஷினில், தண்ணீர் விட்டு அறுத்தாரா தண்ணீர் இல்லாமலா, மூடிய ஷெட்டா திறந்த இடமா, கூட வேலை செய்தவர்களில் வேறு யாருக்காவது இருமல் உண்டா என்று எழுதுங்கள். எந்தக் கல் என்பதும் வேண்டும். வியாபாரத்தில் எல்லாமே கிரானைட்தான். ஆனால் நம் பக்கத்துக் கறுப்புக் கல் உண்மையில் டாலரைட் வகை, அதில் குவார்ட்ஸ் குறைவு. பாரடைசோ போன்ற வரிக்கற்களில் குவார்ட்ஸ் நிறைய. அந்தக் குவார்ட்ஸ்தான் சிலிக்கா.

கண்ணுக்குத் தெரிகிற, மீசையில் படிகிற தூசியில் பெரும்பகுதி மூக்கிலும் தொண்டையிலும் தடுக்கப்பட்டுவிடும். 5 மைக்ரானுக்கும் குறைந்த, கண்ணுக்குத் தெரியாத தூள்தான் காற்றறை வரை போகிறது. இந்தச் சிலிக்கா தூளுக்கு அமெரிக்காவில் 2016-ல் வைத்த வரம்பு, 8 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 0.05 மில்லிகிராம். ஒரு ஷிஃப்டில் ஒருவர் இழுக்கும் காற்று சுமார் 10 கன மீட்டர் என்று வைத்தால், மொத்தமே அரை மில்லிகிராம். தூளுப்பில் ஒரு சிட்டிகைகூட வராது!

எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸ் எப்படித் தெரியும்? இரண்டு நுரையீரலிலும், முக்கியமாக மேல்பகுதியில், ராகியைத் தூவினாற்போல் சிறு உருண்டைப் புள்ளிகள். சிக்கல் என்னவென்றால், ரத்தம் வழியாக உடலெங்கும் பரவும் மில்லியரி டிபியும் ஏறக்குறைய இப்படியே இருக்கும். அந்தப் பெயரே தினையிலிருந்து வந்ததுதான். வித்தியாசத்தைக் காட்டுவது காலம். மில்லியரி டிபிக்காரர் பொதுவாகச் சில வாரங்களில் காய்ச்சலும் எடைக்குறைவுமாகப் படுத்துவிடுவார். சிலிக்கோசிஸ் புள்ளிகள் வருடக்கணக்கில் மெதுவாகத்தான் மாறும். எனவே பழைய படங்களைத் தூக்கிப் போடாதீர்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது, படமே வேண்டும். சந்தேகம் தீராவிட்டால் நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் ஹெச்.ஆர்.சி.டி ஸ்கேன் எடுப்பார்கள்.

சளிப் பரிசோதனை நெகட்டிவ் என்கிறீர்கள்; எந்தப் பரிசோதனை என்று பாருங்கள். மைக்ரோஸ்கோப்பில் கிருமி தெரிய ஒரு மில்லி சளியில் சுமார் 10,000 இருக்க வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் (CBNAAT) கருவிக்கு நூற்றுச் சொச்சம் போதும்; முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கட்டுப்படாத கிருமியா என்பதையும் ஏறத்தாழ 2 மணி நேரத்தில் சொல்லிவிடும். அரசு டிபி மையங்களில் இது இலவசம். இரண்டு மாதிரி கொடுக்க வேண்டும், அதில் ஒன்று காலையில் எழுந்ததும் எடுத்தது. வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, திறந்த வெளியில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமித் துப்ப வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் நெகட்டிவ் வந்ததற்கு அர்த்தமே இல்லை. சளி வராதவருக்கு 3 சதவீத உப்பு நீரை நெபுலைசரில் கொடுத்து வரவழைக்கலாம். அப்பா ஏற்கெனவே மருந்து சாப்பிட்டவர் என்பதால் இன்னொன்றும் உண்டு: செத்த கிருமியின் மிச்சத்தையும் சிபிநாட் பாசிட்டிவ் என்று காட்டலாம். அதனால் சளியில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

உயிருள்ள டிபி உறுதியானால் தயங்காமல் மருந்து எடுக்க வேண்டும். சிலிக்கோசிஸ் உள்ளவர்களுக்கு வழக்கமான 6 மாதத்தை 8, 9 மாதம்வரை நீட்டுவது உண்டு. டிபி இல்லை என்று உறுதியானால், டிபி வராமல் தடுக்கும் சிகிச்சை பற்றிக் கேளுங்கள். 2021 தேசிய வழிகாட்டுதலில் சிலிக்கோசிஸ் நோயாளிகளும் அதற்கு உரியவர்கள். அப்பா ஏற்கெனவே ஒரு கோர்ஸ் முடித்தவர் என்பதையும் அப்போது சொல்லுங்கள்.

சளி ரிசல்ட் வந்த பிறகு, ஊதவைத்து மூச்சின் அளவைப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி. முழு மூச்சிழுத்து, முழு பலத்தோடு, குறைந்தது 6 வினாடி விடாமல் ஊத வேண்டும். ஒழுங்கான மூன்று ஊதல் தேவை. பாதியில் இருமி நிறுத்திய ஊதலை வைத்து ரிப்போர்ட் தந்தால் நம்பாதீர்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் கொடுத்து 15 நிமிடம் கழித்தும், முதல் வினாடியில் வெளிவரும் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் மூச்சுக்குழாய் அடைப்பு உண்டு. அந்த விகிதம் சரியாக இருந்து மொத்த அளவே குறைந்திருந்தால் நுரையீரல் விரியவில்லை என்று பொருள். கல் தூசியால் இரண்டும் வரும். இன்ஹேலரில் பரவாயில்லை என்பதால் அப்பாவுக்கு அடைப்பும் ஓரளவு இருக்கலாம்.

இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரில் மாட்டும் பிளாஸ்டிக் குடுவை) இல்லாமல் அடித்தால் மருந்து பெரும்பாலும் தொண்டையில்தான் படியும். குலுக்கி, மூச்சை முழுக்க வெளியே விட்டு, ஸ்பேசரை உதட்டால் இறுக்கிப் பிடித்து, ஒரே ஒரு அழுத்து. உடனே மெதுவாக ஆழ இழுத்து 10 வினாடி அடக்க வேண்டும். அடுத்த அழுத்துக்கு அரை நிமிடம் விடுங்கள். கேப்சூல் போடும் ரோட்டாஹேலர் என்றால் நேர்மாறு: வேகமாக, பலமாக இழுக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்தது எனில் வாய் கொப்பளித்துத் துப்பவும்.

தழும்பைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. அப்படிச் சொல்லி லேகியமோ ஊசியோ விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள். ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது இன்னும் மோசம், உறங்கும் டிபியை எழுப்பிவிடலாம். பீடி பிடிப்பவரானால் இன்றோடு நிறுத்த வேண்டும். ஆண்டுக்கொரு ஃப்ளூ தடுப்பூசியும், நிமோகாக்கல் தடுப்பூசியும் போடலாம். ஓய்வாக உட்கார்ந்திருக்கும்போதே ரத்தத்தில் ஆக்ஸிஜன் 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே நின்றால் வீட்டில் ஆக்ஸிஜன் தேவைப்படும், தினம் 15 மணி நேரத்துக்குக் குறையாமல். மூச்சுப் பயிற்சிக்குத் தொலைவு போக முடியாதவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் ஊழியரிடம் பிசியோதெரபி கேட்கலாம். அந்தத் திட்டம் 2021-ல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில்தான்.

வேலை விஷயம்: சிலிக்கோசிஸ் உறுதியானால் தூசியில் இறங்கக் கூடாது. விலகிய பிறகும் நோய் கூடலாம். தொடர்ந்தால் வேகமாகக் கூடும். லோடிங் கணக்கு, கேட் எனத் தூசி இல்லாத மாற்று வேலை கேட்டுப் பாருங்கள். முகத்தில் கட்டும் துண்டு நுண்தூசியைத் தடுக்காது, நனைத்துக் கட்டினாலும் அதே கதைதான். என்95-க்குக் குறைந்த மாஸ்க் வேண்டாம். தாடி இருந்தால் அதுவும் ஓரத்தில் கசியும். ஷிஃப்ட் முடிந்து கம்ப்ரஸர் காற்றில் சட்டையை ஊதிக்கொள்ளும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அந்த ஒரு நிமிடத்தில் மூக்கருகே எழும் தூசி சாதாரணமானதல்ல. பட்டறையில் இன்னும் வேலை செய்பவர்களிடம் இதையாவது சொல்லுங்கள்.

சிலிக்கோசிஸ் சட்டப்படி தெரிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய், இழப்பீட்டுக்கும் உரியது. இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் அங்கேயே பதிவு செய்யுங்கள். டாக்டரின் குறிப்பில் "நுரையீரல் தழும்பு" என்று மட்டும் இல்லாமல் சிலிக்கோசிஸ் என்ற சொல்லும் வேலை செய்த வருடங்களும் இருக்க வேண்டும். சம்பளச் சீட்டு, பி.எஃப். எண், பழைய அடையாள அட்டை எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

திடீரென ஒரு பக்க நெஞ்சு வலியோடு மூச்சுத் திணறினால் நுரையீரல் உறை கிழிந்து காற்று புகுந்திருக்கலாம். அப்போதும், இருமலில் ரத்தம் வந்தாலும், இன்ஹேலர் அடித்துக்கொண்டு காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.