கேலி பண்ணா மாஃபியா பயப்படுமா?

கேள்வி: மாஃபியா கும்பல்களைப் பத்தி நாங்க ஏழெட்டுப் பேர் ஒரு வீதி நாடகம் எழுதிட்டிருக்கோம். துப்பாக்கி வச்சிருக்கறவன் முன்னாடி உங்க நாடகம் என்னத்த கிழிக்கும்னு அண்ணன் சிரிக்கிறான். நிஜமாவே கிழிச்சிருக்கா?

பதில்: துப்பாக்கி வச்சிருந்தவனே அப்படி நினைக்கலையேம்மா. இத்தாலியில சிசிலித் தீவுல சினிசின்னு ஒரு சின்ன ஊர், அங்க பெப்பினோ இம்பஸ்தாத்தோன்னு ஒரு பையன், அப்பாவே மாஃபியாகாரங்களோட ஒட்டி உறவாடின ஆளு, இவன் எதிர்த்துப் பேசினதுக்கு வீட்டை விட்டே துரத்திட்டாரு. 1977-ல சிநேகிதங்களோட ‘ரேடியோ அவுத்’னு ஒரு குட்டி ஸ்டேஷன் ஆரம்பிச்சான். அதுல ஊர் பேரு ‘மாஃபியோபொலி’, ஊரே நடுங்கின தலைவன் கயத்தானோ பதலமெந்தி பேரு ‘தானோ செதூத்தோ’. அதாவது சிட்டிங் புல்னு ஒரு அமெரிக்கப் பழங்குடித் தலைவர் இருந்தாரே, இத்தாலிக்காரங்க அவரை ‘தோரோ செதூத்தோ’ம்பாங்க, உக்காந்த காளை, இவன் காளையை எடுத்துட்டு அந்த இடத்துல கயத்தானோவைச் சுருக்கி ‘தானோ’ன்னு போட்டுட்டான், அவ்ளோதான். திட்டினாக்கூட அவனுக்குப் பெருமைதான், ஊரு சிரிச்சா என்ன பண்ணுவான்?

கொன்னாங்க. 1978 மே 9, வயசு 30, தண்டவாளத்துல போட்டு வெடி வச்சு, குண்டு வைக்கப் போய் அவனே செத்துட்டான்னு கதை கட்டினாங்க. அன்னிக்குன்னு பார்த்து முன்னாள் பிரதமர் ஆல்டோ மோரோவோட உடம்பு ரோம்ல கிடைச்சதால இவன் சாவை யாரும் கண்டுக்கல. ஆனா அம்மா ஃபெலிசியா விடலையே, 2002-ல பதலமெந்திக்கு ஆயுள் தண்டனை.

லெத்தீசியா பத்தாலியான்னு ஒரு போட்டோகிராபர், 1979-ல மாஃபியா கொலை போட்டோக்களை எடுத்துட்டுப் போய் கொர்லியோனே ஊர் நடு சதுக்கத்துலயே வரிசையா வச்சாங்க, பெரிய பெரிய மாஃபியா தலைங்களோட சொந்த ஊர் அது. என்ன நெஞ்சழுத்தம்!

உங்க நாடகத்துக்கு வர்றேன். தாதாவுக்கு கூலிங் கிளாஸ் மாட்டி, ஸ்லோவா நடக்க விட்டு, பிஜிஎம் போட்டுடாதீங்க, வேலையே கெட்டுது, பாக்கிற பசங்க அவனா ஆகணும்னு கிளம்பிடுவாங்க. அப்புறம் ஒருத்தர் முகம் மட்டும் முன்னாடி நிக்கக் கூடாது. 1992-ல மாஃபியா வழக்குகளை விசாரிச்ச நீதிபதி ஃபால்கோனேவைக் குண்டு வச்சுக் கொன்னப்ப, சிசிலியோட தலைநகர் பலெர்மோ ஜனங்க வெள்ளை பெட்ஷீட்ல மாஃபியாவுக்கு எதிரா எழுதி பால்கனியில தொங்க விட்டாங்க, ஒரே ஒரு ஷீட்னா எந்த வீடுன்னு தெரிஞ்சுடும், வரிசையா அத்தனை பால்கனியிலயும் தொங்கினா எந்தக் கதவைப் போய் தட்டுவான்? ஏழெட்டுப் பேர் பத்தாதும்மா, முதல்ல அந்தச் சிரிக்கிற அண்ணனுக்கே ஒரு வேஷம் குடுங்க.