கடலை அலர்ஜி உள்ள மகள், கட்டாய ஹாஸ்டல் மெஸ்: "கல்லூரி பொறுப்பல்ல" என்று எழுதிக் கொடுக்கலாமா?

கேள்வி: காங்கேயம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. மகள் கோவையில் ஒரு தனியார் கல்லூரியில் பி.காம். முதலாண்டு படிக்கிறாள். 18 வயது முடிந்துவிட்டது. சின்ன வயதிலிருந்தே நிலக்கடலையும் முந்திரியும் அவளுக்கு ஆகாது. ஹாஸ்டலில் சேர்க்கும்போது மருத்துவப் படிவத்தில் இதை எழுதித்தான் கொடுத்தோம். ஆகஸ்டில் ஒரு நாள் இரவு மெஸ்ஸில் சப்பாத்தி குருமா சாப்பிட்ட சற்று நேரத்தில் உதடு வீங்கி மூச்சுத் திணறிவிட்டது. கூடப் படிக்கும் பிள்ளைகள்தான் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். 41,000 ரூபாய் செலவு. தேங்காய் விலை ஏறிவிட்டதால் குருமாவுக்குக் கடலையை அரைத்து ஊற்றியதாகச் சமையல் மாஸ்டரே பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார். வார்டனைக் கேட்டால், "ஒருத்திக்காகத் தனி அடுப்பு மூட்ட முடியாதுங்க" என்கிறார். மெஸ் கட்டாயம். வெளிச்சாப்பாடும் குக்கரும் கூடாது. இப்போது, "உணவால் என்ன நேர்ந்தாலும் கல்லூரி பொறுப்பல்ல" என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த செமஸ்டருக்கு அறை என்கிறார்கள். எழுதிக் கொடுக்கலாமா? தனியாகச் சமைத்துத் தரச் சட்டத்தில் இடம் உண்டா? ஆஸ்பத்திரிச் செலவைக் கேட்க முடியுமா?

பதில்: அம்மா, அந்த முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

முதல் காரணம், உங்கள் மகள் மேஜர். அவளுடைய உடம்புக்கு வரும் கேட்டுக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை அவளுடையது. அதை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட முடியாது. சரி, அவளே எழுதிக் கொடுத்தால்? வழக்குப் போடும் உரிமையையே தடுக்கும் ஒப்பந்தம் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 28-வது பிரிவின்படி செல்லாது. பொதுநலனுக்கு விரோதமானது 23-வது பிரிவில் அடிபடும். பிற்பாடு சமையலறையில் கவனக்குறைவு நடந்தால், இந்தத் தாளை நீட்டி முழுதாகத் தப்பித்துவிட முடியாது. ஆனால் செல்லாத தாள்தானே என்று போட்டுக் கொடுப்பதும் சரியில்லை. "ஆபத்து தெரிந்தே ஏற்றுக்கொண்டாள்" என்று எதிர்த்தரப்பு வாதாட அது ஒரு பிடியாகிவிடும். அந்தப் பிடியை நாமே ஏன் கொடுக்க வேண்டும்?

ஒருவேளை இந்தப் பதில் வருவதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் பதற வேண்டாம். அலர்ஜி இருப்பது கல்லூரிக்குத் தெரியும் என்பதற்கு அந்தத் தாளே சாட்சி. ஒரு நகல் மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் விஷயம் முழுக்க இந்த "தெரியும்" என்பதில்தான் நிற்கிறது. சட்டக் கல்லூரியில் எல்லோரும் படிக்கும் பழைய இங்கிலாந்து வழக்கு ஒன்று உண்டு: பாரிஸ் எதிர் ஸ்டெப்னி நகராட்சி, 1951. ஒரு கண் பார்வை இல்லாத பணிமனைத் தொழிலாளிக்கு நகராட்சி பாதுகாப்புக் கண்ணாடி கொடுக்கவில்லை. இரும்புத் துணுக்கு தெறித்து நல்ல கண்ணும் போயிற்று. அந்த வேலைக்கு மற்றவர்களுக்கும் கண்ணாடி கொடுக்கும் வழக்கம் இல்லைதான். ஆனால் இவருக்கு இருப்பது ஒரே கண் என்று முதலாளிக்குத் தெரிந்திருந்ததால், இவர் விஷயத்தில் கூடுதல் கவனம் காட்டியிருக்க வேண்டும் என்றது, அன்று அந்நாட்டின் உச்ச மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை. கடலை அரைத்த குருமா நானூறு பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடுதான். ஒரு பிள்ளைக்கு அது ஆகாது என்று எழுத்தில் தெரிந்த பிறகு, சொல்லாமல் கொள்ளாமல் தேங்காய்க்குப் பதில் கடலையை ஊற்றினால்தான் அது கவனக்குறைவு ஆகிறது.

அதனால் அவர்கள் கேட்கும் தாளுக்குப் பதிலாக நீங்கள் ஒரு கடிதம் கொடுங்கள். மகள் கையெழுத்துப் போட வேண்டும், கீழே நீங்களும் போடலாம். முதல்வர், வார்டன், மெஸ் கான்ட்ராக்டர் மூவருக்கும் தனித்தனிப் பிரதி. நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் சீலும் தேதியும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட். வாட்ஸ்அப்பில் வார்டனுக்கு அனுப்பியதோடு விட்டுவிடாதீர்கள். அடுத்த வருடம் வேறு வார்டன் வந்துவிடுவார்.

கடிதத்தில் "கடலை அலர்ஜி" என்று மட்டும் எழுதினால் மாஸ்டர் பொட்டுக்கடலையை நிறுத்திவிட்டு நிலக்கடலையைப் போட்டுக்கொண்டிருப்பார். இப்படி எழுதுங்கள்: "எனக்கு நிலக்கடலை, முந்திரி இரண்டும் கடுமையான ஒவ்வாமை. சிறிதளவு பட்டாலும் உயிருக்கு ஆபத்து. பொட்டுக்கடலை, கடலைப்பருப்பு, தேங்காய் ஆகியவற்றால் தொந்தரவு இல்லை. ஆகஸ்ட் மாதம் இத்தனாம் தேதி இரவு மெஸ் குருமாவைச் சாப்பிட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன்." (தேங்காய், பருப்பெல்லாம் ஆகுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.) பிறகு எந்தெந்தப் பதார்த்தத்தில் ஒளிந்திருக்கும் என்பதையும் சேருங்கள். புளிசாதத் தாளிப்பு, இட்லிப்பொடி, சட்னி, குருமா, கத்தரிக்காய்க் குழம்பு ஆகியவற்றில் நிலக்கடலை இருக்கும். பொங்கல், கேசரி, பாயசம், பனீர் கிரேவியில் முந்திரி. டாக்டர் சான்றிதழை இணையுங்கள்.

கேட்பது சின்னதாக இருக்கட்டும். தனிச் சமையல் கேட்டால் ஒரே வார்த்தையில் மறுத்துவிடுவார்கள். இவற்றைக் கேளுங்கள்: நிலக்கடலை, முந்திரி சேர்ந்த பதார்த்தம் எது என்று அன்றன்று காலையில் மெஸ் போர்டில் எழுதுவது, சமையலில் ஒரு பொருளுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் அவளுக்குச் சொல்வது, அவளுக்கு மற்றவர்களுக்கு முன்னால், வேறு பாத்திரத்தில் படாத கரண்டியால் பரிமாறுவது, முடியாத நாட்களில் வெளிச்சாப்பாட்டுக்கு அனுமதி தந்து மெஸ் பணத்தைக் கழிப்பது. இதில் எதற்கும் தனி அடுப்பு வேண்டியதில்லை. இதையும் மறுத்தால் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். அந்த மறுப்பு பின்னால் உங்களுக்கு உதவும்.

தனியாகச் சமைத்துத் தரச் சொல்லும் சட்டம் இருக்கிறதா என்றால், நேரடியாக இல்லை. அமெரிக்காவில் லெஸ்லி பல்கலைக்கழகம் 2012-ல் அந்நாட்டு அரசின் நீதி அமைச்சகத்தோடு ஒரு சமரசம் செய்துகொண்டது. கட்டாய உணவுத் திட்டத்தில் உணவு ஒவ்வாமை உள்ள மாணவர்களுக்கு வழி செய்யவில்லை என்ற புகார். முன்கூட்டியே சொல்லி ஒவ்வாத பொருள் கலக்காத சாப்பாடு பெறும் வசதி, தேவைப்பட்டால் உணவுத் திட்டத்திலிருந்தே விலக்கு, 50,000 டாலர் இழப்பீடு என்று முடிந்தது. அங்கே அதற்கு அடிப்படை மாற்றுத்திறனாளிகள் சட்டம். நம்முடைய 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் இருப்பவை 21 வகைக் குறைபாடுகள். உணவு ஒவ்வாமை அதில் இல்லை. இணையத்தில் படித்துவிட்டு "எங்களுக்கும் அந்த உரிமை உண்டு" என்று யாராவது சொன்னால் நம்பிப் போய் நிற்காதீர்கள்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006 பற்றியும் இதே மாதிரி நிதானமாகச் சொல்கிறேன். லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், சாப்பாடு போடுகிற எந்த அமைப்பும் அந்தச் சட்டத்தில் உணவுத் தொழில்தான். ஹாஸ்டல் மெஸ்ஸும் அதில் அடக்கம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம்) உரிமம் வேண்டும், அது பார்வையில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். மகளிடம் சொல்லி அந்த 14 இலக்க எண்ணைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். யார் பெயரில் இருக்கிறது, கல்லூரியா கான்ட்ராக்டரா என்பது வழக்குக்கு முக்கியம். ஆனால் ஒவ்வாமைப் பொருள்களை மெனுவில் காட்ட வேண்டும் என்ற 2020 ஒழுங்குமுறை, மத்திய உரிமம் உள்ள அல்லது பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கடை வைத்திருக்கும் நிறுவனங்களைக் குறிவைத்தது. ஒற்றை மெஸ்ஸை அதை வைத்துப் பிடிப்பது கடினம். அதனால்தான் போர்டில் எழுதச் சொல்லி நாமே கேட்கிறோம்.

பாக்கெட்டில் வரும் பொருளுக்கு அந்த ஒழுங்குமுறை நன்றாக உதவும். நிலக்கடலையோ முந்திரி போன்ற மரக்கொட்டைகளோ இருந்தால் லேபிளில் சொல்லியாக வேண்டும். மசாலாப் பொடி, பிஸ்கட், மிக்சர் எல்லாவற்றிலும் பார்க்கலாம். இரண்டு ஓட்டை இருக்கிறது. எள் அந்தப் பட்டியலிலேயே இல்லை (எள் ஆகாத பிள்ளைகளைப் பெற்றவர்கள் கவனிக்கவும்). அப்புறம், இந்தப் பொருள்களிலிருந்து எடுத்த எண்ணெய்க்கு அந்த அறிவிப்பு தேவையில்லை என்று விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். ரீஃபைண்டு எண்ணெயில் ஒவ்வாமையை உண்டாக்கும் புரதம் அனேகமாகப் போய்விடும். செக்கில் ஆட்டிய கடலெண்ணெயில் தங்கும். காங்கேயத்துக்காரரான உங்களுக்குச் செக்கைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மெஸ்ஸில் எந்த எண்ணெய் என்று கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.

ஆகஸ்ட் செலவுக்கு வருவோம். உறவுக்காரர்கள் யாராவது "ஸ்டேஷனில் ஒரு கம்ப்ளெயின்ட் கொடுத்தால் தானாக வழிக்கு வருவார்கள்" என்று சொல்லியிருப்பார்கள். கவனக்குறைவால் காயம் ஏற்படுத்துவதற்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 125-வது பிரிவு இருக்கிறது, உண்மைதான். ஆனால் பிள்ளை இன்னும் இரண்டரை வருடம் அங்கே சாப்பிட வேண்டும், மாஸ்டரைச் சிறைக்கு அனுப்புவதால் உங்கள் பில் பணமும் வராது. உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் குருமா மாதிரியைச் சோதிக்கச் சொல்வதும் வீண். கலப்படம் இல்லை, தரம் சரி என்றுதான் அறிக்கை வரும். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 65-வது பிரிவில் உணவால் காயமடைந்த நுகர்வோருக்கு ஒரு லட்சம் வரை, கொடுங்காயமென்றால் மூன்று லட்சம் வரை இழப்பீடு தர இடமிருக்கிறது. அதை நான் முதல் வழியாக எடுக்க மாட்டேன்.

முதல் வழி, வக்கீல் நோட்டீஸ். இரண்டாவது, நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் உண்டி உறைவிடம் தருவது 'சேவை' என்று வெளிப்படையாகவே இருக்கிறது. புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். மகளின் வீடு காங்கேயம் என்பதால் திருப்பூர் ஆணையம் போதும். சேவைக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. சம்பவ நாளிலிருந்து இரண்டு வருடம் கெடு. கல்லூரித் தரப்பு கட்டாயம் ஒரு ஆட்சேபணை எழுப்பும்: மனு சோலங்கி எதிர் விநாயகா மிஷன் வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம் 2020-ல் கல்வி நிறுவனங்களை, கல்வியோடு ஒட்டிய செயல்களையும் சேர்த்து, நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே வைத்தது. அதன் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றதையும், சாப்பாடு கல்வி அல்ல என்பதையும் நாம் சொல்லலாம். எதற்கும் கான்ட்ராக்டரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். அவர் பாடம் நடத்துவதாகச் சொல்ல முடியாது.

சாட்சியங்களை இப்போதே கட்டுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் வெறும் "அலர்ஜி" என்றிருந்தால், கடலை சேர்ந்த உணவுக்குப் பிறகு வந்ததாகச் சொல்லப்பட்டது என்று டாக்டரிடம் சான்று கேளுங்கள். மாஸ்டர் சொன்னதை நாளை அவரே மறுப்பார். கேட்ட பிள்ளைகள் தேதி போட்டு எழுதித் தரட்டும். சேர்க்கையின்போது கொடுத்த மருத்துவப் படிவத்தின் நகல் எல்லாவற்றையும் விட முக்கியம். தனியார் கல்லூரி என்பதால் தகவல் உரிமைச் சட்டத்தில் நேராகக் கேட்க முடியாது. சண்டை முற்றுவதற்கு முன், ஸ்காலர்ஷிப்புக்கு வேண்டும் என்றாவது அலுவலகத்தில் வாங்கிவிடுங்கள்.

அறை தர மாட்டோம் என்ற மிரட்டலுக்கு மகள் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கலாம். யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 ஒழுங்குமுறைப்படி அந்தக் குழு 15 வேலை நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லை என்றால் பல்கலைக்கழகத்தின் ஆம்புட்ஸ்பர்சனிடம் (குறைகேட்பு அதிகாரி) மேல்முறையீடு. என் அனுபவத்தில் இந்தப் புகார் போனதுமே முத்திரைத்தாள் பேச்சு அடங்கிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. மூச்சுத் திணறும்போது மருந்து அட்ரினலின் ஊசி. தானாகக் குத்தும் பேனா வகை நம் ஊர் மருந்துக்கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பதில்லை. சொந்தத் தேவைக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப் படிவம் 12ஏ-யில் விண்ணப்பித்து அனுமதி வாங்கலாம். இல்லையென்றால் ஆம்பூலும் (ஊசி மருந்துக் குப்பி) சிரிஞ்சும் டாக்டர் சீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும், எப்போது எவ்வளவு என்று அவர் எழுதித் தர வேண்டும். "நாங்கள் ஊசி போட்டு ஏதாவது ஆனால்?" என்று வார்டன் பயப்படுவார். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதற்குச் சட்டத்தில் பதிலும் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 26-வது பிரிவு, ஒருவரின் சம்மதத்தோடு அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்த செயலைக் குற்றமாகக் கருதாது. சம்மதம் சொல்லக்கூட முடியாத நிலைக்கு 30-வது பிரிவு. மகள் முன்கூட்டியே ஒரு சம்மதக் கடிதம் எழுதி, டாக்டர் எழுதித் தந்த முறையை இணைத்து, வார்டனிடமும் அறைத் தோழிகள் இருவரிடமும் கொடுக்கட்டும். போட்டவுடன் 108-க்கு அழைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும். கல்லூரிக்கு முத்திரைத்தாளில் ஏதாவது எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், இந்தச் சம்மதக் கடிதத்தை முத்திரைத்தாளில் எழுதிக் கொடுங்கள்.

ஹாஸ்டல் டே, பொங்கல் விழா மாதிரி நாட்களில் வெளியிலிருந்து கேட்டரிங் வரும். அவர்களுக்கு உங்கள் கடிதம் போயிருக்காது. அந்த நாட்களில் அவள் வெளிச்சாப்பாடு கொண்டுவர அனுமதி என்று ஒரு வரியைக் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.